இடக்கை ஆசீர்வாதம்

குப்பியோ, 9 பிப்ரவரி 1497
சாம்பல் புதனுக்கு மறுநாள்

ஸ்மெரால்தாவுக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. இதுவரை நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற வீம்பில் உன் அக்கா தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொள். காரியம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். போன மாதம் அந்தோணியார் திருநாளன்று தெருவில் கழுதை, பன்றிகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தார்கள். வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தவர் அங்கேயே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணிப் போயிருக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் ஒரு முட்டையை உடைத்து மஞ்சள் கருவைப் பிரித்துவிடலாம். வலது கையை நாம்தான் தூக்கி வைக்க வேண்டும்.

கம்பளிக்காரர் சங்கத்தின் பலிபீடப் படம் பாதியில் நிற்கிறது. தங்க ரேக்கு ஒட்டுவதை நான் முடித்துவிட்டேன். உடுப்புகளையெல்லாம் நம் கூலியாள் பிரிசியோ போட்டுவிட்டான், அவனுக்குத் துணியின் மடிப்பு நன்றாகத்தான் வருகிறது. முகங்கள்தான் பாக்கி. மாதாவும் குழந்தையும் நான்கு புனிதர்களும் அடிப்பூச்சுப் பச்சையோடு, கப்பலேறி வாந்தி எடுத்தவர்களைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாளுக்குப் படம் பீடத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் சங்கம் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடும். முப்பது வருடம் இந்த ஊருக்கு மாதா வரைந்தவர், தன் பலகையில் இன்னொருவன் பெயர் ஏறுவதைக் கட்டிலில் கிடந்தபடி கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பதுதான். துணி, மரம், மலையெல்லாம் கூலியாள் போடலாம். முகத்தை ஓவியர் தானே போட வேண்டும், இல்லையென்றால் அவருடைய மகனோ மருமகனோ போட வேண்டும். அப்பாவுக்கு மகன் இல்லை. மருமகன் இருக்கிறான் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

உன் புருஷனை அனுப்பு. பின்பக்கச் சந்து வழியாக வந்து, மாடியில் தங்கி, முகங்களைப் போட்டுவிட்டுப் போகட்டும். யாருக்கும் தெரியாது. கடைசிப் பத்து வருடம் அப்பாவின் முகங்களைப் போட்டதே அவன்தானே, சங்கத்தாருக்கு வித்தியாசம் படாது. நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

ஓர்சோலா

*

அங்கோனா, 3 மார்ச் 1497

அக்கா,

உன் கடிதத்தைக் காகிதம் ஏற்றிவரும் வண்டிக்காரர் கொண்டுவந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே பிரித்துவிட்டேன். அதனால் அது இப்போது நெத்திலி நாற்றம் அடிக்கிறது. நீ வீம்பில் தோற்கவில்லை. நான் நான்கு முறை எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன்.

அப்பாவை நினைத்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "அனாதை மடத்துத் தொட்டில்ல கெடந்தவனுக்கு எம்பொண்ணக் கேக்குதா? தகப்பன் பேரு என்னடா?" என்றார். தன் மாதாக்களுக்கெல்லாம் முகம் போட்டவனைப் பார்த்து அப்படிக் கேட்டார். என் கணவர் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே வந்துவிட்டேன். கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்ட செய்தியைச் சொல்லி அனுப்பினோம். பதில் இல்லை.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "பின்பக்கச் சந்துல குப்பை எடுக்கிறவன் வரட்டும். உங்கப்பா வாயால மருமகன்னு சொல்லட்டும், நான் முன்வாசல் வழியா வரேன்" என்றார். அவ்வளவுதான். இப்போது கப்பல் கொடிகளும் கல்யாணப் பெட்டிகளும் வரைகிறார். கப்பல்காரர்கள் தகப்பன் பெயர் கேட்பதில்லை.

என்னால் முடிந்த யோசனை ஒன்று. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் அப்பா வரைந்து கோட்டோடு ஊசி குத்திய மாதிரித் தாள்கள் இருக்கும். கீழ்த்தெரு மடத்துக் கோயில் மாதாவின் தாள் அளவு சரியாக இருக்கும். பலகைமேல் வைத்துக் கரித்தூள் முடிச்சால் தட்டினால் மூக்கு மூக்கிருக்கும் இடத்தில் விழும். மீதியைப் பிரிசியோ பார்த்துக்கொள்வான். தவக்காலம், முட்டையை யாரும் சாப்பிடப்போவதில்லை, கருவில் வண்ணம் குழைக்கப் பஞ்சமில்லை. மாதா முகத்துக்கு ஊருக்குள் வளர்கிற கோழியின் முட்டையை எடு. பட்டிக்காட்டு முட்டையின் கரு சிவப்பு அதிகம், மாதா வெயிலில் களை பிடுங்கியவள் போலாகிவிடுவாள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை இப்போது எழுத மனம் வரவில்லை.

ஸ்மெரால்தா

*

குப்பியோ, 18 மே 1497

ஸ்மெரால்தாவுக்கு,

உன் யோசனைப்படி செய்தோம். என்ன ஆனது என்று கேள்.

தாள் கிடைத்தது. ஆனால் சங்கத்தாரில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பூசை பார்ப்பது அந்தக் கீழ்த்தெருக் கோயிலில்தான். அதே மாதாவை இங்கேயும் வைத்தால் பழைய சட்டையைத் துவைத்து விற்கிறோம் என்பார்கள். அதனால் பிரிசியோ தாளைத் திருப்பிப் போட்டான். அப்பாவே எத்தனையோ முறை திருப்பிப் போட்டிருக்கிறார், அதில் தப்பில்லை. இடப்பக்கம் சாய்ந்திருந்த மாதா வலப்பக்கம் சாய்ந்தாள். பார்க்கப் புது மாதாதான். மூன்று வாரம் வேலை செய்தோம். முகங்களைப் பற்றிக் கேட்காதே. புனிதர்கள் நால்வருக்கும் பல்வலி. மாதாவுக்குப் பல்வலி இல்லை, பல் பிடுங்கப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சான் உபால்தோ திருநாளன்று பிரிசியோ வழக்கம்போல மெழுகுவர்த்திக் கோபுரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைமேல் ஓடினான். மறுநாள் தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியவில்லை. சும்மா இருக்கிறானே, அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து படத்தைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. வலிக்கிற தோளோடு அவனும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிவந்தார்கள்.

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பாதி வாயால் தோள் குலுங்கச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது, என்னவென்று தெரியாமலே சிரித்தோம். மூச்சு வாங்கியபின், "எடது" என்றார்.

அப்போதுதான் பார்த்தோம். குழந்தை இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்கிறது.

தாளைத் திருப்பினால் கையும் திரும்பும் என்பது பட்டறையில் தரை கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். மூன்று வாரம் அந்த விரல்களுக்கு நிழல் போட்டோம், நகம் வைத்தோம், ஒளிவட்டத்தில் நான் புள்ளி குத்தினேன். யாருக்கும் தோன்றவில்லை. திருப்பிப் போடும் நாளில் குழந்தையின் கைகளுக்கு மட்டும் வேறொரு சின்னத் தாள் வைப்பார்களாம். அது எப்போதும் உன் புருஷன் லத்தான்சியோவின் வேலையாம், பிரிசியோ பக்கத்தில்கூட நின்றதில்லையாம். இதை அவன் இப்போது சொல்கிறான்.

சங்கத்தார் முகத்தை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டார்கள். இடது கையால் ஆசீர்வதிக்கிற இயேசுவுக்கு முன்னால் எந்தப் பாதிரியார் பூசை வைப்பார்? வலது கையோ மாதாவின் கழுத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. உன் புருஷன் வர வேண்டாம். என்ன செய்வதென்று மட்டும் கேட்டு எழுது. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நீ போன பிறகு உன் பங்கு வண்ணத்தையும் நான்தான் அரைக்கிறேன். இது குறையாகச் சொல்வதுதான், வேறு எப்படியும் எடுத்துக்கொள்ளாதே.

ஓர்சோலா

*

அங்கோனா, 2 ஜூன் 1497

அக்கா,

படித்துக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். "எடக்கை ஏசுவா? பிரிசியோ, உன்ன வச்சிக்கிட்டு..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து காகிதம் எங்கே என்று கேட்டார்.

இத்துடன் இருக்கிற தாளை மடிப்புக் கலையாமல் பிரி. குழந்தையின் வலது கை, முழங்கையிலிருந்து. ஊசி குத்தியாயிற்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இடது கையின் விரல்களை மட்டும் சுரண்டிவிட்டு மூடிய கையாக மாற்றி, அதற்குள் ஒரு சிட்டுக்குருவியைக் கொடுக்க வேண்டும். குருவி இருக்கும்போது கை ஏன் உயர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வலது கை மாதாவின் அங்கிமேல் வரும். அந்த இடத்துப் பொன்விலை நீலத்தை வெள்ளைப் பூச்சு தெரியும்வரை சுரண்டு. உனக்கு வயிறு எரியும், எரியட்டும், நீலத்தின் மேல் சதை வண்ணம் போட்டால் பிணத்தின் கையாகிவிடும்.

இனி நான் எழுதாமல் வைத்திருந்த விஷயம். இந்தக் கை பார்த்து வரைந்தது. எங்களுக்குப் போன அக்டோபரில் ஒரு பையன் பிறந்தான். மூன்று நாள் பாடுபட்டேன், பிழைத்தோம். பெயர் குவால்தியேரோ. ஆமாம், அப்பா பெயர்தான். தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பதுதானே வழக்கம், அது எங்களிடம் இல்லை. இருக்கிற ஒரே தாத்தாவின் பெயரை வைப்போம் என்று அவர்தான் சொன்னார். எனக்கே மனமில்லாமல் இருந்தது.

வரையும்போது நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் பிடித்த மாதிரி நழுவினான்.

இதை அப்பாவிடம் சொல்லாதே. பழைய தாள் ஒன்று பெட்டியில் அகப்பட்டது என்று சொல். கைக்குழந்தையைக் காட்டி மன்னிப்புக் கேட்கிறவள் என்று அவர் நினைக்கக்கூடாது. நான் தப்பு எதுவும் செய்யவில்லை.

ஸ்மெரால்தா

*

குப்பியோ, 30 ஜூன் 1497

ஸ்மெரால்தாவுக்கு,

நான் சொல்லவில்லை. முதலில் அதை நம்பு.

கை நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பலகையில் உயிருள்ளது அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் பல்வலியோடு நிற்கிறது. நீலத்தைச் சுரண்டும்போது எனக்கு எரிந்தது வயிறு மட்டுமல்ல.

அப்பாவைத் தூக்கிவந்து காட்டினோம். பழைய தாள் என்று சொன்னேன், பிரிசியோவும் தலையாட்டினான். அப்பா கிட்டே கொண்டுபோகச் சொன்னார். மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி என் கட்டைவிரலைப் பிடித்தார். பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். நம் வீட்டுக் கட்டைவிரல் எப்படி வளையும் என்று உனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தான், எனக்கும் உனக்கும் அப்படித்தான். சின்ன வயதில் அதை வைத்துத் தெருப் பிள்ளைகளைப் பயமுறுத்துவோமே. உன் புருஷன் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவிட்டான். படத்தில் இருக்கிற விரலும் அப்படி வளைந்திருக்கிறது. எனக்கு அதுவரை கண்ணில் படவில்லை.

"இது பழைய தாளா?" என்றார்.

நான் விரலை இழுத்தேன், அவர் விடவில்லை.

"ஸ்மெரால்தா புள்ளையா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், என் விரல் அவர் கையில் இருந்தது. என்ன பெயர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். தன்னைக் கட்டிலுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் குடித்தார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்குப் பையனைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எட்டு மாதமாக எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டாய். அதற்காக உன்னோடு தனியாகச் சண்டை போட வேண்டும், இப்போது நேரமில்லை. ஜூலையில் சங்கத்தின் பொறுப்பாளர் பால்தோவும் பத்திரம் எழுதுகிறவரும் படத்தைப் பார்க்க வருகிறார்கள்.

ஓர்சோலா

*

அங்கோனா, 9 ஜூலை 1497

அக்கா,

கட்டைவிரலை நானும் கவனிக்கவில்லை. தினமும் முத்தம் கொடுக்கிற விரல், எனக்கே தெரியவில்லை பார். உன்மேல் கோபமில்லை.

ஆனால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பியதைப் படித்ததும் என் கணவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டார். "பேரையும் கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு இல்ல?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்க வேலை செய்யவில்லை. அவர் இவ்வளவு எதிர்பார்த்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி அப்பா பேச்சை எனக்கு எழுத வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். படம் நல்லபடியாக ஏறட்டும்.

ஸ்மெரால்தா

*

குப்பியோ, 23 ஜூலை 1497
மக்தலேனா திருநாளுக்கு மறுநாள்

ஸ்மெரால்தா,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். எழுதுகிறேன். நின்றபடி படிக்காதே, உட்கார்.

நேற்று வந்தார்கள். பால்தோ, பத்திரம் எழுதுகிறவர், இன்னும் இரண்டு கம்பளிக்காரர்கள். நான் எல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அப்பாவுக்கு நல்ல அங்கியைப் போட்டு, வலது கையைச் சால்வைக்குள் மறைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். குளிர் ஜுரம், பேசினால் இருமல் வரும் என்று சொல்லிவிட்டேன். கேள்வி கேட்டால் தலையை ஆட்டினால் போதும், மீதியை நான் பேசிக்கொள்கிறேன் என்று அவரிடமும் சொன்னேன். சரி என்றார். நம்பினேன்.

பால்தோ படத்தைப் பார்த்தார். குழந்தையின் கை அருமை என்றார். மாதாவைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். பத்திரக்காரர் ஒப்பந்தத்தைப் படித்தார். முகங்கள் யாவும் ஓவியர் கையாலோ, மகன் அல்லது மருமகன் கையாலோ வரையப்பட்டவை என்று உறுதி சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். நான் அப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா இடது கையால் சால்வையை விலக்கினார். வலது கையைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி மடிமேல் போட்டார். அது ஈரத்துணி மாதிரி விழுந்தது.

"இது ஜனவரியிலயே போச்சு" என்றார். "மொகமெல்லாம் பிரிசியோ போட்டது. நல்லா இல்ல. எனக்குத் தெரியும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பால்தோ எழுந்துகொள்ளப் பார்த்தார். அப்பா பேசி முடிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தார், எச்சில் வழிந்தது, நான் துடைக்கப் போனதைத் தட்டிவிட்டார்.

"கொழந்தையோட வலது கைய மட்டும் போட்டது என் மருமகன்."

"உங்களுக்கு ஏதுங்க மருமகன்?" என்று கேட்டார் பால்தோ. அவர் கேலியாகக் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்ததைத்தான் கேட்டார். நீ ஓடிப்போனாய் என்பது தெரியும். மருமகன் என்று அப்பா சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அங்கோனாவுல இருக்கான். எழுதிக்க. பேரு லத்தான்சியோ."

பத்திரக்காரர் எழுதினார். வழக்கப்படி தகப்பன் பெயரைக் கேட்டார். அவர்கள் பழக்கம் அது, வேறு ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. அதே இடம், ஸ்மெரால்தா. தூரிகை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில்.

அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம்பேரப் போடு."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பால்தோ முன்னாலேயே அழுதேன்.

பத்திரக்காரர் குனிந்து எழுதி, மணல் தூவி, படித்துக் காட்டினார். மருமகன் இருக்கிறார் என்றால் ஒப்பந்தத்துக்குள்தான் வருகிறது, கெட்டுப்போன முகங்களை அவர் மறுபடி போட்டுக் கொடுக்கட்டும், திருநாளுக்குள் முடிந்தால் போதும் என்று நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். போகும்போது பால்தோ அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பிரிசியோ வருத்தப்படுவான் என்று பயந்தேன். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் சுரண்டும் கத்தியை எடுத்துவிட்டான். பாட்டுப் பாடிக்கொண்டே ஆறு முகத்தையும் சுரண்டினான். இன்று காலை வெள்ளை பூசிப் பச்சை அடித்தாயிற்று. குழந்தையின் கையைத் தொடவில்லை.

திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. கொடிகளையும் பெட்டிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரச் சொல். முன்வாசலைக் கழுவி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

ஓர்சோலா

*

பாப்ரியானோ, சத்திரத்தில், 29 ஜூலை 1497

அக்கா,

நாளைக் காலை கிளம்புகிறோம். இந்தக் கடிதம் எங்களுக்கு ஒரு பொழுது முன்னால் வந்து சேரும், காகித வண்டி எங்கள் கோவேறு கழுதையைவிட வேகம்.

மாப்பிள்ளை என்று நீ எழுதியதை என் கணவர் மூன்று முறை காட்டச் சொல்லிவிட்டார். பத்திரத்தில் எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய்த் தூரிகைகளைக் கழுவினார். கழுவ வேண்டிய தேவையே இல்லை, முந்தின நாள்தான் கழுவியிருந்தார். வழியில் இரண்டு முறை என்னிடம் கேட்டுவிட்டார், மாதா முகத்துக்கு ஊர்க்கோழி முட்டை இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் இப்போதே சொல்லிவை. எனக்குத் தனியாகச் சண்டை பாக்கி வைத்திருக்கிறாய் என்று தெரியும். என் பங்கு வண்ணத்தை நான் அரைக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

பையனுக்கு வழியெல்லாம் வாந்தி. இப்போது சரியாகிவிட்டான், சத்திரத்துக்காரி ரொட்டி கொடுத்திருக்கிறாள், சப்பிக்கொண்டிருக்கிறான்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கையை வரைவதற்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பையன் வலது கையைத் தூக்கவே மாட்டேன் என்றான். எதைக் காட்டினாலும் இடது கைதான் வரும். கடைசியில் இடது கையை நான் என் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அப்புறம்தான் வேண்டா வெறுப்பாக வலதைத் தூக்கினான். இப்போதும் அப்படித்தான்.

அதனால் தாத்தா மடியில் உட்கார வைக்கும்போது யாரும் அவனைத் திருத்த வேண்டாம். அவன் இடது கையைத்தான் நீட்டுவான். அப்பா பிடித்துக்கொள்ள அதுதானே வசதி.

ஸ்மெரால்தா